ஏழு ஓட்டைகளும் ஒரு டப்பா சிமென்டும்

மகளே,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். உன்னை இந்திப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள் நான்தான், ஆகையால் அந்தக் குறையும் என் கணக்கில். இந்தப் பக்கத்தை ஃபோனில் படம் பிடித்தால் ஒரு பெண் குரல் வாசித்துச் சொல்லுமாம். அவளுக்கு 'ழ' வராது, மூச்சு விடாமல் வேறு வாசிப்பாள், பொறுத்துக்கொள். மாப்பிள்ளையை வாசிக்கச் சொல்லாதே என்று முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். இந்த மும்பைத் தமிழ்ச் சங்கப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதே உன் மாமியார்தான். உனக்கு முன்னால் அவர் வாசித்து, நாலு பேருக்கு ஃபோன் போட்டு, மூக்கையும் சிந்தி முடித்திருப்பார்.

போன மாதம் நீ கூப்பிட்டாய். "எம்மா, பிரசவத்துக்கு நான் அங்க வரல. இங்க சான்பாடாலயே பாத்துக்கிடுதேன்" என்றாய். ஏன் என்றேன். சும்மாதான் என்றாய். சும்மாவுக்கு யாராவது தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வராமல் இருப்பார்களா என்று நான் குரலை உயர்த்தியதும் மெதுவாகச் சொன்னாய்: "பேச்சி அத்தை வாயில எம்புள்ள விழ வேண்டாம்மா." குக்கர் விசில் அடித்துவிட்டது என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அடுப்பில் குக்கரே இல்லை.

மகள் தலைப்பிரசவத்துக்கு வரவில்லை என்றால் நம் ஆட்கள் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். அவர்களுக்கு எதற்குச் சிரமம் என்று எல்லாக் கதைகளையும் நானே கட்டினேன். மூன்றாவது மாடிக்காரியிடம், டாக்டர் டிரெயினில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றேன். சங்கச் செயலாளரிடம், நம் கட்டிடத்து லிஃப்டை நம்ப முடியாது என்றேன். மாடுங்காவில் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் மாமியிடம், சம்பந்தி அம்மாள் உன்னை விடமாட்டேன் என்று அழுவதாகச் சொன்னேன். மூன்று பேரும் ஒரு கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாயசம் வருவதற்குள் நான் பிடிபட்டுவிட்டேன்.

மாதாமாதம் இந்தப் பக்கத்தில் அடுத்தவர் இடுப்பளவையும், பிரிக்கச் சொன்ன தையலையும், கழுத்துப் பின்னால் இன்னும் இறக்கு என்று மாமியாருக்குத் தெரியாமல் ஃபோன் செய்த மருமகள்களையும் எழுதிச் சிரிக்க வைத்தவள் நான். இந்த மாதம் அளவு நாடாவை என்மேல் போடுகிறேன். கடிதம் என்றால் தபாலில் போடலாமே, பத்திரிகையில் எதற்கு என்று நீ கேட்பாய். உன்னைப் பற்றி நான் சொன்ன பொய்யை, நம் சால் வரிசை வீடுகள் முழுக்கக் கூடி நின்றபோது சொன்னேன். அதைத் திரும்ப வாங்கும்போது மட்டும் உன் காதோடு ரகசியமாகச் சொன்னால் நியாயமில்லை. அதிலும் உன் இடது காதில் சொன்னால் உனக்குக் கேட்கவும் கேட்காது. அந்தக் காதும் நான் செய்த வேலைதான்.

நம் பழைய வீடு உனக்கு நினைவிருக்கும். வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செம்பூரில் ஒரு குன்றின் அடியில் வரிசையாகப் பதினைந்து இருபது அறைகள். பின்பக்கம் குன்று சரியாமல் இருக்க இரண்டு ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர். சுவருக்கும் எங்கள் அடுக்களைகளுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. நம் வீட்டுக்கும், நீ அத்தை என்கிற பேச்சி மதினியின் அடுத்த வீட்டுக்கும் பின்னால் இருந்த சுவர்த் துண்டில் ஏழு ஓட்டைகள் இருந்தன, கை நுழைகிற அளவுக்குக் குழாய் வாய். மழை பிடித்தால் ஏழிலிருந்தும் செம்மண் தண்ணீர் வடியும். கட்டினவனுக்குக் கல் போதவில்லை, பொத்தல் விட்டுவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு ஜூலையில், மாடுங்காக் கல்யாணத்துக்கு நான் தைத்துக்கொண்டிருந்த அரக்குப் பட்டு ரவிக்கை மேல் அந்தத் தண்ணீர் தெறித்துவிட்டது. மணப்பெண்ணின் அம்மா என்னை ஆங்கிலத்தில் திட்டினாள். தமிழில் திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். புரியாத திட்டை வாங்கிக்கொண்டு வந்த கோபத்தில், பக்கத்தில் கட்டிட வேலை நடந்த இடத்தில் ஒரு பெயின்ட் டப்பா நிறைய சிமென்டு கேட்டு வாங்கி, கந்தலைத் திணித்து, ஏழு ஓட்டையையும் பூசி அடைத்தேன்.

சந்து காய்ந்தது. பேச்சி மதினி ஏலக்காய் போட்டு டீ கொண்டுவந்தாள். "ஏ மதினி, நீ தையக்காரியா இஞ்சினியரா? முனிசிபாலிட்டிக்காரன் வந்து ஒங்காலுல விழணும்" என்றாள். நான் பூரித்துப்போனேன். வரிசையில் இன்னும் நாலு வீட்டுக்காரிகளுக்கு எப்படி அடைப்பது என்று பாடம் வேறு எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே பாடம் அதுதான்.

அப்போது உனக்குப் பதினோரு வயது. மெயின் ரோட்டில் கடையநல்லூர் மைதீன் பாய் மூன்று கம்ப்யூட்டர் போட்டு இன்டர்நெட் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் எரிமலைப் படம் ஒட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள் என்று போன நீ, அதற்குப் பிறகு வாராவாரம் போனாய். குழந்தைகளுக்காகவே யாரோ செய்து வைத்த பக்கமாம். பூமி உருண்டையை விரலால் சுழற்றலாம், பனங்காயைச் சீவுவதுபோலச் சீவி உள்ளே பார்க்கலாம், ஒரு பொத்தானை அமுக்கினால் எரிமலை கக்கும், இன்னொன்றை அமுக்கினால் ஊர் குலுங்கும். ஒருநாள் பாய் என்னை வழியில் நிறுத்தி, "யக்கா, மத்த புள்ளைவ இங்க கார் ஓட்ட வருது. ஒங்க புள்ள மலைய ஒடைக்க வருது. ஒக்காந்தா பத்து மலைய சரிச்சிட்டுத்தான் எந்திரிக்கும்" என்றார். நான் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீ எதைச் செய்தாலும் அதில் எனக்கு ஒரு கதை கிடைக்கும்.

நீ ஆடியது இதுதானாம்: திரையில் ஒரு குன்று, அதன் கீழே ஒரு சுவர், சுவருக்குக் கீழே குட்டிக் குட்டி வீடுகள். சுவரில் ஓட்டை வைப்பதும் அடைப்பதும் உன் இஷ்டம். பிறகு மழையைத் திறந்துவிட வேண்டும். நீ வீட்டுக்கு ஓடிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "எம்மா, அந்த ஓட்டைய அடைக்கப்படாதும்மா. தண்ணி வெளிய போவ வழியில்லன்னா மண்ணு குடிச்சுக் குடிச்சு கனத்துப்போயி சுவத்தத் தள்ளும். வீட்டுல உள்ளவங்க எல்லாரும் போயிருவாங்க" என்றாய்.

"யாருட்டி சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. நானே பத்துத் தடவ அடைச்சுப் பாத்தேன். பத்துத் தடவையும் விழுந்துட்டு."

மகளே, நீ சொன்னது எனக்குப் புரியவில்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். புரிந்தது. புரிந்ததனால்தான் கோபம் வந்தது. டீ வாங்கிக் குடித்த இஞ்சினியரை ஆறாம் வகுப்புக் குழந்தை முட்டாள் என்கிறது. துணி அளக்கிற மர ஸ்கேல் கையில் இருந்தது. அது உடைகிறவரை அடித்தேன். உடைந்த பிறகு, ஸ்கேலை உடைத்துவிட்டாயே என்று கையால் அடித்தேன். இதை எழுதும்போது எனக்குள் இருக்கிற கோமாளி அந்த இடத்தில் ஒரு சிரிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு மேலே எழுதுகிறேன்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நான் குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நீ அப்பாவின் ஸ்க்ரூடிரைவரையும் என் அம்மிக் குழவியையும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் ஒருக்களித்துப் போனாய். நாலு ஓட்டைகளைத் திறந்துவிட்டாய். பூட்டி வைத்த தண்ணீர் பீறிட்டு அடித்ததில் பேச்சி வீட்டு அடுக்களை முழங்கால் வரைக்கும் சேறு. அவள் அரிசி டின் மிதந்தது. "ஏளா, ஒம்மவ எங்குடிய முக்கிட்டா!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். நீ தலை முதல் கால் வரை செம்மண்ணாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். "எம்மா பாரு, எவ்வளவு தண்ணி உள்ள இருந்துருக்கு!" என்றாய். அந்தச் சிரிப்பின் மேல்தான் என் கை விழுந்தது. வாசலுக்கு இழுத்துவந்து, வரிசை முழுக்கப் பார்க்க, முடியைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். நிறுத்த வந்த பேச்சியையும் தள்ளிவிட்டேன். "போதும் மதினி, புள்ள செத்துரும்" என்றாள் அவள். அவள் அடுக்களை நாசமாகியிருந்தது, அவள்தான் நிறுத்தச் சொன்னாள், நான் நிறுத்தவில்லை. கடைசி அடி காதோடு விழுந்தது. நீ அழுகையை நிறுத்திவிட்டுத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாய், நீச்சலடித்துக் காதில் தண்ணீர் போனவர்கள் சாய்ப்பதுபோல. வந்தது தண்ணீரில்லை.

இதுவரைக்கும் உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இனி வருவது போன மாதம் வரை என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

நீ காதில் பஞ்சோடு பரணில் சுருண்டு கிடந்தாய். பேச்சி சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, அடுக்களை காய்கிறவரை இருக்கட்டும் என்று உல்லாஸ்நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் புருஷன் பட்டறையிலேயே தங்கிக்கொண்டார். உன் அப்பா அணுசக்தி நகருக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிற மனுஷன், விஞ்ஞானிகளை ஏற்றி இறக்குவதோடு அவருக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். சந்தில் யாரும் இல்லை. டப்பாவில் மிச்ச சிமென்டு இருந்தது. நீ திறந்த நாலு ஓட்டைகளையும் நான் மறுபடி அடைத்தேன். முதல் தடவை கந்தல் வைத்து மேலாகப் பூசியிருந்தேன். இந்தத் தடவை உடைந்த செங்கல்லைக் குழவியால் அடித்து உள்ளே இறக்கி, அதன் மேல் பூசினேன். நீ மறுபடி ஸ்க்ரூடிரைவரோடு வந்தால் அசையக் கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது. பூசும்போது பாட்டு வேறு பாடினேன்.

இரண்டு நாள் விடாத மழை. சந்து எலும்புபோலக் காய்ந்து கிடந்தது. பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை. காய்ச்சலோடு கிடந்த உன்னைக் குடம் பிடிக்க வா என்று குழாயடிக்கு இழுத்துப் போனேன். உன்னைக் காப்பாற்றியது என் கொடுமை என்று சொன்னால் அது எனக்கு ஒரு பெருமையாகிவிடும், அதனால் சொல்லவில்லை. பேச்சி அப்போதுதான் உல்லாஸ்நகரிலிருந்து வந்தாள். "தண்ணி வருதா மதினி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். பையை இறக்கி வைத்து அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். பெரிய சத்தம் வரும் என்றுதானே நினைப்போம்? முதலில் வந்தது ஓர் ஏப்பம். அவ்வளவுதான். கூரைகளுக்கு மேல் குன்று ஓர் அடி முன்னால் வந்ததுபோல எனக்குத் தெரிந்தது. பிறகு நம் அறை, பேச்சி அறை, அந்தப் பக்கம் ஒன்று, மூன்றும் பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல முன்பக்கமாகத் தெருவுக்கு வந்தன. கல், தகரம், சேறு, என் தையல் மிஷின். பேச்சியின் குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது. மனுஷக் குரல் மாதிரி இல்லை.

ஆட்கள் கையால் தோண்டினார்கள். இரும்புக் கம்பியால் நெம்பினார்கள். ஃபயர் பிரிகேடு வருவதற்குள் அவள் இரண்டு தடவை மயங்கி இரண்டு தடவை விழித்தாள். சுவர்த் துண்டு அவள் முழங்காலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கினால் மேலே இருக்கிற மண் முழுக்க இறங்கும் என்றார்கள். காலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் அவளை எடுக்க முடிந்தது. நீ அத்தனையும் பார்த்தாய். உன் கண்ணைப் பொத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

பேச்சியின் புருஷன் பட்டறையிலிருந்து ஓடிவந்தார். "எவம்லே சுவத்துல கை வச்சது?" என்று கத்தினார். கையில் தோண்டுகிற கம்பி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள் என்று நினைத்தேன். உண்மையில் யாரும் பார்க்கவில்லை, குற்றமுள்ளவளுக்கு அப்படித்தான் தெரியும். என் நகக் கண்ணில் சிமென்டு இருந்தது. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சொன்னேன். "இவதான் அண்ணாச்சி. ஸ்க்ரூடிரைவர வச்சு நோண்டுனா. நாலு எடத்துல நோண்டி சுவத்த எளக்கிட்டா. நாந்தான் அன்னைக்கே அடிச்சேனே, நீங்க எல்லாரும் பாத்தீங்களே."

அவர் உன்னை உதைத்தார். நீ சேற்றில் குப்புற விழுந்தாய். இரண்டாவது உதைக்கு அவரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்த நாலு பேரில் நான் இல்லை. நீ எழுந்து என் முகத்தைப் பார்த்தாய். இல்லை என்று சொல்வாய், அழுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ தலையை ஆட்டினாய். ஆமாம் என்று ஆட்டினாய்.

பிறகு உன் அப்பா வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நம்மைத் தங்க வைத்தார்களே, அங்கே காய்ச்சலில் நீ கேட்டாய். "எம்மா, தொறந்தா நிக்கும்னுதானே அதுல இருந்துச்சு? நான் தொறந்தேன்லா, ஏன் விழுந்துட்டு?" அந்த நிமிஷம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "கம்ப்யூட்டர்ல பொய்யி போட்டுருக்கான், பேசாமப் படு" என்றேன்.

இதோடு விட்டேனா? உனக்குப் பதினைந்து வயதில், சங்க ஆண்டு விழாவில் நகைச்சுவைப் பேச்சுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சுவருக்கு ஊசி போட்ட என் மகள் என்று அதையே கதையாக்கிச் சொன்னேன். பேச்சியின் காலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வைத்துக்கொண்டேன். கூடம் குலுங்கியது. நீ முன்வரிசையில் வலது காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்து, எல்லாரும் சிரிக்கிற இடத்தில் ஒரு நொடி தாமதமாகச் சிரித்தாய். எனக்கு ஒரு வெள்ளிக் குத்துவிளக்குப் பரிசு கொடுத்தார்கள்.

மாற்று வீடு கொடுத்தபோது நமக்கும் பேச்சிக்கும் ஒரே கட்டிடத்தில், ஒரே மாடியில் கொடுத்தார்கள். நீ படிக்கப் போகும்போதும் வரும்போதும், கம்புக் கட்டையை ஊன்றிக்கொண்டு கதவில் நின்று, "எங்காலத் தின்னவ போறா பாரு" என்பாள். பதினாறு வருஷம். நான் உள்ளே மிஷினை வேகமாக மிதிப்பேன், சத்தம் கேட்காமல் இருக்க. கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நீ அவள் வீட்டு வாசலில் போய் நின்றாய். கதவு திறக்கவில்லை. இந்த வாய்க்குத்தான் நீ இன்று பயப்படுகிறாய். அதில் நீ விழவில்லை மகளே, நான் தள்ளிவிட்டேன்.

நீ அதே பூமியைத்தான் போய்ப் படித்தாய். பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனாயோ என்று இப்போது தோன்றுகிறது. இன்று நீ இன்டர்நெட்டில் குழந்தைகளுக்குக் கல், மண், மலை, மழை என்று இந்தியிலும் தமிழிலும் சொல்லிக்கொடுக்கிறாய். நான் பார்ப்பதில்லை என்றுதானே நினைத்தாய்? ஒன்று விடாமல் பார்த்திருக்கிறேன். சோடா உப்பில் எரிமலை செய்தாய், பிஸ்கட்டை உடைத்துக் கண்டம் நகர்வதைக் காட்டினாய், மும்பைக் கருங்கல் ஒரு காலத்தில் குழம்பாக ஓடியது என்று பருப்புச் சட்டியை வைத்துச் சொன்னாய். சிரித்துக்கொண்டே சொல்கிறாய், அந்தச் சிரிப்பு என்னிடமிருந்து வந்ததுதான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு. வீடியோவுக்குக் கீழே ஒரு குழந்தை உன்னை இந்தியில் அக்கா என்று கூப்பிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கிறது: தீதி, மலை ஏன் சரியுது, அதைச் செய்யுங்க. நீ ஒவ்வொரு தடவையும் 'சீக்கிரமே' என்று பதில் போடுகிறாய். இரண்டு வருஷமாகச் செய்யவில்லை. நீ ஃபோன் செய்த அன்று மத்தியானம்தான் அது ஏன் என்று எனக்கு உறைத்தது. உனக்குத் தெரிந்த பாடத்துக்கும் உனக்கு நடந்ததற்கும் ஒத்துவரவில்லை. ஒத்துவராததை நீ குழந்தைகளுக்குச் சொல்லமாட்டாய்.

அப்போதும் எனக்கு ஒரு சாக்கு மிச்சமிருந்தது. நீ குழவியால் அடித்த அடியில் சுவர் இளகியிருக்கலாம் அல்லவா? அதையும் பார்த்துவிடுவோம் என்று பாத்ரூமில் உட்கார்ந்தேன். நீ சொல்லிக்கொடுக்கிற மாதிரியே ஐஸ்கிரீம் டப்பாவைப் பாதியாக வெட்டி, நடுவில் அட்டையை நிறுத்தி, ஊதுவத்தியால் ஏழு ஓட்டை போட்டு, பின்னால் மணலைக் குவித்தேன். 'பெரியவர்கள் துணையோடு செய்யவும்' என்று நீ எப்போதும் சொல்வாயே, அந்த வீட்டில் பெரியவர் என்று யாரும் இல்லாததால் தனியாகவே செய்தேன். ஓட்டை திறந்திருந்தபோது தண்ணீர் வடிந்தது, அட்டை நின்றது. அட்டையைத் தட்டினேன், குத்தினேன், உன் பெயரைச் சொல்லி ஓங்கி ஓர் அடிகூட அடித்தேன். நின்றது. சப்பாத்தி மாவால் ஏழையும் அடைத்தேன். மூன்றாவது செம்பு தண்ணீருக்கு அட்டை வயிறு தள்ளி, என் காலில் வந்து விழுந்தது. உன் அப்பா கதவைத் தட்டி, "உள்ள என்ன செய்யுத?" என்றார். வெளியே வந்து சொன்னேன். முழுக்கக் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு டெப்போவுக்குப் போனவர் இரண்டு நாள் பஸ்ஸிலேயே படுத்தார். மூன்றாம் நாள் வந்து, "அவளுக்குச் சொன்னியா?" என்றார். யாருக்கு என்றேன். "ரெண்டு பேருக்கும்" என்றார்.

பேச்சி வீட்டுக்கு முதலில் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் கதையாக்கிவிடுவேன் என்று பயம். சொல்லி முடிக்கிறவரை அவள் வெங்காயத்தை விடவில்லை. பிறகு, "நீ அடைச்சியா?" என்றாள்.

"ஆமா."

"அவ தொறந்த பொறவு?"

"ஆமா மதினி. செங்கலு வச்சு."

கம்புக் கட்டை எப்போது அவள் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. முதல் அடி தோளில். இரண்டாவது நெற்றியில். கீழே விழுந்த பிறகும் அடித்தாள். அடிக்கும்போது அவளும் சமநிலை தவறி என்மேல் விழுந்தாள், விழுந்த இடத்திலிருந்தே கையால் அடித்தாள். இரண்டு கிழவிகள் வெங்காயத் தோலில் புரண்டது பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் சொன்னதைக் கேட்டவர்கள் சிரித்திருக்கமாட்டார்கள். "எங்காலு போனா போவட்டும்ளா. தண்ணி வரலன்னு ஒனக்கு டீ போட்டுக் குடுத்தவ நானு, எனக்கும் பங்கு உண்டு. பதினாறு வருசம் ஒரு பச்சப் புள்ளய என் வாயால வய்ய வச்சியே! காலைல கதவத் தொறந்தா மொத வேலையா வஞ்சேனே! கல்யாணத்துல வந்து நின்னாளே, பாவி, அப்பவாவது சொல்லப்படாதா?" அவளே எழுந்து, என் நெற்றியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வழி முழுக்கத் திட்டினாள். தையல் போட்ட டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு, "நான் அடிச்சேன், இன்னும் நாலு போடுங்க" என்றாள்.

பிள்ளை பெறப் போகிறவளுக்கு அம்மா என்கிறவள் புத்தி சொல்ல வேண்டும். கை ஓங்குகிற பழக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்கிறேன். நான் உன்னை அடித்ததெல்லாம் நீ தப்புச் செய்தபோது இல்லை. நீ சரியாகச் சொன்னபோதுதான் அதிகம் அடித்திருக்கிறேன். உன் பிள்ளை ஏதாவது சொல்லி உனக்குக் கை பரபரத்தால், அது சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேள். நான் கேட்கவில்லை.

நீ திறந்தது சரி. நாலு திறந்தாய், என்னைத் தடுக்க ஆளிருந்தால் ஏழையும் திறந்திருப்பாய், பேச்சி இரண்டு காலோடு நடந்திருப்பாள். பதினோரு வயதில் அந்த வரிசையில் புத்தியோடு இருந்த ஒரே ஆள் நீ. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது பொய்யில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீ என் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வருவாய் என்று நான் நினைக்கவில்லை. வராத காரணம் மாறியிருக்கும், அவ்வளவுதான். வா என்று கூப்பிடவும் எனக்கு வாயில்லை. ஆனால் பேச்சி உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வளைகாப்புக்கு வராத அத்தை வளையல் வாங்கி வைத்திருக்கிறாள், பச்சைக் கண்ணாடி, உன் கைக்குப் பெரிதாக இருக்கும், அதை அவளிடம் சொல்லாதே. இந்த இதழ் உன் கைக்கு வந்த அடுத்த ஞாயிறு, செம்பூரில் பத்தரை மணி லோக்கலில் ஏறுகிறோம். அவளால் தனியாக ஏறி இறங்க முடியாது, துணைக்கு நான் வரவேண்டியிருக்கிறது. லிஃப்டில் அவளை ஏற்றி, உன் மாடிப் பொத்தானை அமுக்கி அனுப்பிவிடுவேன். அவளுக்குக் கதவைத் திற.

நான் கீழே வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மேலே வரச் சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால், அவள் இறங்கி வந்ததும் மூன்று மணி வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். டீ மட்டும் கீழே கொடுத்து அனுப்பாதே. கொடுத்தால் குடித்துவிடுவேன், பிறகு அதையும் ஒரு கதையாக்கிவிடுவேன்.

உன் அம்மா